ஓடாத பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிடுவது வெறும் வியாபாரம்தானே?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் இரண்டு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. "நல்ல பாட்டாக இருந்திருந்தால் அப்போதே ஓடியிருக்கும். 50 வருஷம் கழித்து எடுத்து விற்பது பழைய சாமானுக்குப் பாலிஷ் போடுகிற வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ நண்பர் சொன்னதைக் கேட்டு பல சிடிகளை ஒரே பெட்டியில் போட்டு விற்கும் ஒரு பெரிய பாக்ஸ் செட்டின் விலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விலை விஷயத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடவில்லை, அதனால் நல்லதில்லை என்று முடிவு கட்டுகிறீர்களே, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் ஹாமில்.

2010 செப்டம்பரில் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் போனேன். வில்ம்ஸ்லோ ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆறு பேர் சேர்ந்து எடுத்த வீடு. 142ஆம் நம்பர் பஸ் பிடித்தால் பல்கலைக்கழகம். சனிக்கிழமை காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது வழியில் ஒரு சாரிட்டி ஷாப் இருக்கும், ஜனங்கள் வேண்டாம் என்று கொடுத்த பழைய பொருள்களைத் தர்மத்துக்காக விற்கும் கடை. உள்ளே கதகதப்பாக இருக்கும் என்பதற்காகவே பத்து நிமிஷம் நின்றுவிட்டு வருவேன்.

அங்கே சிடி தட்டில் ஒரு நாள் "வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர்" என்ற பெயரைப் பார்த்தேன். பிளஸ் டூ இயற்பியலில் வான் டி கிராஃப் மின்னியற்றியைப் படம் வரைந்து பாகம் குறித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெயர் எப்படி மனசில் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒரு பாட்டுக் குழுவுக்கு அந்த மெஷினின் பெயர். எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் தவறாக எழுதியிருந்தார்கள், அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அது "பான் ஹார்ட்ஸ்" என்ற 1971ஆம் வருஷத்து ஆல்பம், 2005இல் மறுவெளியீடாக வந்த பிரதி. பக்கத்திலேயே அந்தக் குழுவின் பாடகரான ஹாமில் தனியாகப் போட்ட "ஓவர்". முடிந்துவிட்டது என்கிற ஓவர். அது 1977இல் வந்தது, கையில் கிடைத்தது 2006 மறுவெளியீடு. இரண்டும் சேர்த்து நாலு பவுண்டு.

உடனே பிடித்துப்போனது என்று சொன்னால் அது பொய். "பான் ஹார்ட்ஸ்"இன் கடைசிப் பாட்டு மட்டுமே 23 நிமிஷம். கலங்கரை விளக்கத்தில் தனியாகக் காவல் இருக்கும் ஒருவன் புத்தி பேதலித்துப் போவதைப் பற்றியது. ஆர்கன் ஒரு பக்கம், சாக்ஸபோன் ஒரு பக்கம். நடுவில் இந்த மனிதர் கிசுகிசுப்பார், திடீரென்று கத்துவார், அடுத்த வரியில் சர்ச்சில் பாடும் பையன் குரலுக்குப் போய்விடுவார். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் அதை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு சிடியையும் ஜன்னல் ஓரத்துச் சுவர் அலமாரியில் வைத்துவிட்டேன். ஹாமில் 1948இல் லண்டன் ஈலிங்கில் பிறந்தவர், நான் படித்துக்கொண்டிருந்த அதே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் 1967இல் ஜட்ஜ் ஸ்மித் என்ற நண்பரோடு அந்தக் குழுவைத் தொடங்கினார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தினமும் அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன்.

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லுக்கு போன் போட்டேன். அக்கா கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள், நான் இங்கே வந்துவிட்டேன். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். எப்போதும் போல "சாப்டியாப்பா, குளிரு எப்படி இருக்கு" என்று ஆரம்பித்த அம்மா, நான் என்ன சமையல் என்று கேட்டதற்கு, "என்னத்த சமைக்கிறது, இப்பல்லாம் ஒரு ஆழாக்கு அரிசி போட்டாலே மிஞ்சிருதுப்பா. தண்ணி ஊத்தி வச்சா மறுநாள் அதையும் உங்கப்பாதான் சாப்பிடறாரு" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை, கரண்ட் பில் மாதிரி ஒரு தகவலாகச் சொன்னார். அப்புறம் போனை அப்பாவிடம் கொடுத்தார், அப்பா வழக்கம்போல "பணம் இருக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. லேப்டாப்பில் ஏதோ ஒன்று ஓடட்டும் என்று "ஓவர்" சிடியைப் போட்டேன். ஹாமில் நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த ஒரு பெண் பிரிந்து போன பிறகு எழுதிய பாட்டுகள் அவை. எனக்கு அந்த மாதிரி அனுபவம் எதுவும் கிடையாது, அதனால் முதல் பாட்டு அப்படியே போய்விட்டது. இரண்டாவது பாட்டின் தலைப்பு இலையுதிர் காலம். பியானோவும் வயலினும் சேர்ந்து வரும். அவர் வார்த்தைகளைத் தெளிவாக உச்சரிக்கிறவர், பாதி இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டாலும் ஒவ்வொரு சொல்லும் வந்து விழும். கேட்கக் கேட்கத்தான் பாடுவது யார் என்று எனக்குப் புரிந்தது. வயதான ஒருவர். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போய்விட்டார்கள். பெற்றவர்கள் இருவரும் வீட்டில் தனியாக, இத்தனை வருஷம் எதற்காக ஓடினோம், இனி என்ன செய்வது என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அழுது புரளவில்லை. பிள்ளைகளைத் திட்டவும் இல்லை.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஆழாக்குதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கின் விளிம்பில் ஒரு நெளிசல் இருக்கும், சின்ன வயசில் நான் கீழே போட்டதால் வந்தது. அம்மா அதில் அரிசியை அள்ளி, மேலே குவிந்திருப்பதைக் கட்டைவிரலால் வழித்துவிடுவார். நாங்கள் நாலு பேரும் இருந்தபோது அந்தக் கை மூன்று தடவை அரிசி டின்னுக்குள் போய் வரும். அந்தப் பாட்டை அன்று ராத்திரி எத்தனை முறை போட்டேன் என்று எண்ணவில்லை. ஆல்பம் வந்தபோது ஹாமிலுக்கு வயது 28. அந்த வயசில் தன் சொந்த துக்கத்தைப் பாடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் குரலில் எப்படி எழுதத் தோன்றியது? இன்றும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

இங்கே சிலர் வந்து "பீட்டர் விடாதே" என்பார்கள். பாடகரின் பெயரே பீட்டர் என்பதால் நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவும் இல்லை. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன், இளையராஜா பாட்டில் வளர்ந்தவன், இன்றும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கேட்பது அதைத்தான். அம்மா அப்பாவைப் பற்றி நம்மிடம் பாட்டே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் பிள்ளைதான் பாடுவான், தாயைப் புகழ்வான், கோயில் என்பான். பிள்ளை போன பிறகு வீட்டில் மிச்சமிருக்கும் இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நான் முதன்முதலில் கேட்டது இந்தப் பாட்டில். அப்படி ஒரு தமிழ்ப் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், சந்தோஷமாகக் கேட்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏன் அப்போதே ஓடவில்லை? முதலில், எங்குமே ஓடவில்லை என்பது சரியில்லை. இங்கிலாந்தின் ஆல்பம் பட்டியலில் அந்தக் குழு எட்டிய உயர்ந்த இடம் 1970இல் 47. அதே குழுவின் "பான் ஹார்ட்ஸ்" இத்தாலியில் முதலிடத்துக்குப் போனது. குழு அதேதான், நாடுதான் வேறு. 1975இல் ஹாமில் "நாதிர்ஸ் பிக் சான்ஸ்" என்று ஒன்று போட்டார். கரடுமுரடான கிதார், சின்னச் சின்னப் பாட்டு, கத்தல். பங்க் என்ற முரட்டு ராக் அலை எழுவதற்கு முந்தைய வருஷம் அது. 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டனை லண்டன் கேபிடல் ரேடியோவில் அவருக்குப் பிடித்த இசையைப் போடச் சொன்னபோது, இந்த ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டைப் போட்டார். பழைய ராக் ஆட்களையெல்லாம் ஒழித்துக்கட்ட வந்தவராகப் பேசப்பட்ட பையன் அவர்! 1974இன் "இன் கேமரா"வைப் பெரும்பாலும் வீட்டிலேயே ஒரு நாலு டிராக் டேப் மெஷினில் பதிவு செய்துவிட்டு, பிறகுதான் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனார். இன்று பெட்ரூமில் உட்கார்ந்து ஆல்பம் போடுகிறவர்கள் செய்வதும் அதுதான். ஆக, ஆள் பின்தங்கியதாக எனக்குத் தெரியவில்லை. அவர் போன வேகத்தில் கடைக்காரர்களும் ரேடியோக்காரர்களும் போகவில்லை.

மறுவெளியீடு இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1977ஆம் வருஷத்து ஒரிஜினல் ரெக்கார்டு சேகரிப்பவர்களின் அலமாரியில் இருந்திருக்கும், எனக்கு அது இருப்பதே தெரிந்திருக்காது. முதலில் பதிவு செய்த மாஸ்டர் டேப்பைத் திரும்ப எடுத்து, சுத்தமாக மாற்றி, சாதாரண விலையில் கடைக்கு அனுப்பியதால்தான் யாரோ ஒருவர் வாங்கி, கேட்டு, வேண்டாம் என்று சாரிட்டி ஷாப்பில் கொடுக்க, அது என் கைக்கு வந்தது. கம்பெனி பணம் பார்த்தது உண்மை. பார்க்கட்டும்.

அந்த சிடிக்கு வந்த கதியையும் சொல்லியாக வேண்டும். மார்ச் மாதம் அந்த ஜன்னல் ஓரத்துச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. அலமாரியில் இருந்த புத்தகம், துணி எல்லாம் நாற்றம். "ஓவர்" அட்டைக்குள் இருந்த சின்னப் புத்தகம் ஈரம் உறிஞ்சி அப்பளம் மாதிரி நெளிந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஹீட்டர் மேல் விரித்துக் காயவைத்து, ஷேவிங் பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வீட்டு ஓனரிடம் சொன்னால், நீங்கள் சமைக்கும்போது ஜன்னலைத் திறப்பதில்லை என்றார். காலி செய்யும்போது அதையே காரணம் காட்டி, என் பங்கு டெபாசிட் 300 பவுண்டையும் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து வீட்டு ஓனர் டெபாசிட் பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டே ஆக வேண்டும், தகராறு வந்தால் அங்கே முறையிடலாம் என்ற சட்டமே இருக்கிறது. எனக்கு அது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இப்போது அங்கே படிக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வேலையாக டெபாசிட் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தலைப்புக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த 300 பவுண்டு என் அப்பாவின் பணம்.

2012இல் ஊர் திரும்பினேன். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், விசா விதிகள் மாறின, வேலையும் அமையவில்லை. ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு ஞாயிறு மட்டும் பேசும் வழக்கத்தை விட்டுவிட்டு தினமும் பேச ஆரம்பித்தேன், அது பாட்டால்தான். வந்த புதிதில் ஒரு மத்தியானம் அப்பா பக்கத்தில் இருக்கும்போது அதைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். "வயலின் நல்லா இருக்கு. என்ன சொல்றான்?" என்றார். வயசானவங்களைப் பற்றின பாட்டுப்பா என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை.

ஹாமில் 2003 டிசம்பரில், "இன்கோஹரன்ஸ்" என்ற ஆல்பத்தை முடித்துக் கொடுத்த இரண்டு நாளுக்குள் மாரடைப்பு வந்து பிழைத்தவர். 2005 மே மாதம் பழைய குழுவோடு லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையேறினார். மறுவெளியீடுகளும் அந்தச் சமயத்தில்தான் வந்தன. 1992இலிருந்து தன் சொந்த லேபிளில், தன் கைக்காசில் ஆல்பம் போட்டு வந்தவரைத் தேடி அப்போது புதிதாக ஆட்கள் வந்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான், கொஞ்சம் தாமதமாக.

2021இல், சாரிஸ்மா என்ற ரெக்கார்டு கம்பெனியில் குழு இருந்த காலத்துப் பதிவுகள் 20 டிஸ்க் கொண்ட பெட்டியாக வந்தன. நீங்கள் விலை பார்த்தது அதுவாக இருந்தால், இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் "ஓவர்" ஒன்றை மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகு 1974இன் "தி சைலன்ட் கார்னர் அண்ட் தி எம்ப்டி ஸ்டேஜ்". "பான் ஹார்ட்ஸ்" கடைசியில் இருக்கட்டும், அவர் குரல் பழகாமல் அந்த 23 நிமிஷத்துக்குள் போக வேண்டாம். வேலை செய்துகொண்டே ஓட விடாமல், ராத்திரி ஹெட்போன் போட்டு, மூன்று தடவையாவது கேளுங்கள். அப்புறமும் பழைய சாமான் என்றே தோன்றினால் இங்கே வந்து எழுதுங்கள். எந்தப் பாட்டில் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.