சுற்றறிக்கையால் வகுப்பறை மாறுமா?

வணக்கம் ஐயா,

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் துறை விரிவுரையாளராக இருக்கிறேன். மாணவர்களைப் பேசவும் விவாதிக்கவும் வைக்கும் கற்பித்தல் முறைக்குச் சக விரிவுரையாளர்களைக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. பட்டறைகள் நடத்தினோம். வந்தார்கள், கேட்டார்கள், மறுவாரமே பழைய சிலைடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். முயன்று பார்த்த ஒரே ஒருவருக்கும், மாணவர்கள் விரிவுரையாளருக்குத் தரும் மதிப்பீட்டில் புள்ளி குறைந்துவிட்டது. அடுத்து சுற்றறிக்கை விடலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

சுற்றறிக்கை வேண்டாம். புள்ளி குறைந்த அந்த ஒருவரைக் காப்பாற்றுங்கள். மற்றவர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2019-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்று உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரே இயற்பியல் பாடத்தைச் சிலர் நல்ல விரிவுரையாகக் கேட்டார்கள், சிலர் தாங்களே கணக்குப் போட்டுக் கற்றார்கள். சோதனையில் இரண்டாம் அணிக்கே அதிக மதிப்பெண். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் நினைத்தார்கள்! சரளமான விரிவுரை எல்லாம் புரிந்த உணர்வைத் தந்துவிடுகிறது. தானே தடுமாறிக் கற்பவனுக்கு அந்தத் தடுமாற்றம்தான் நினைவில் நிற்கிறது. ஆகவே புள்ளி குறைந்ததால் பாடம் மோசம் என்று ஆகாது. புதுமுறையைத் தொடங்குபவரின் முதல் சில பருவப் புள்ளிகளைப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பட்டறையையும்விட அந்த ஒரு தாள் அதிகம் செய்யும்.

சான்று கேட்பவர்களுக்கு: 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி சுமார் 34 விழுக்காடு, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 22.

இன்னொன்று. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது. அந்தத் தகுதியைக் காக்க, அங்கீகாரத்துக்காக விரிவுரையாளர்கள் நிரப்பும் கோப்புகள் கொஞ்சமல்ல. நீங்கள் கொண்டுபோகும் முறையும் இன்னொரு கோப்பாகத் தெரிந்தால் எப்படித் தொடுவார்கள்? படிவமே இல்லாமல் தொடங்குங்கள்.

ஒரு வகுப்புக்கு ஒரே கேள்வி போதும். இரு முனையிலும் தாங்கிய பீமின் நடுவிலுள்ள பளுவை ஒரு முனையை நோக்கி நகர்த்தினால், உச்ச பெண்டிங் மொமெண்ட் (பீமை வளைக்கும் விளைவின் உச்ச அளவு) கூடுமா, குறையுமா? ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்லட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்லட்டும். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1990-களில் பரப்பிய முறை இது. சிலைடுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். முதல் கேள்விகளை, புள்ளி குறைந்த அந்த நண்பரோடு நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். அவர் வகுப்பில் பின்வரிசையில் இருந்து பாருங்கள். அவருக்கு அடுத்த பருவம் நன்றாகப் போனால், பக்கத்து அறைக்காரர் தானாகவே விசாரிப்பார்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து