கணினிக் கேள்வி–பதில்: மின்சாரம் போனால் கணக்கு தப்புமா?

கேள்வி: எங்கள் கிடங்கின் இருப்புக் கணக்கு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் உள்ளது. பதிவுகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதை ‘கில் -9’ (நிரலை உடனடியாக வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) கொடுத்துப் பலமுறை நிறுத்திப் பார்த்தோம்; ஒரு பதிவும் தொலையவில்லை. திடீரென மின்சாரம் போனாலும் இப்படியே தப்பும் என்று நம்பலாமா?

பதில்: நம்ப இயலாது. நீங்கள் நிறுத்தியது தரவுத்தளத்தை மட்டுமே; கணினியின் இயங்குதளமான லினக்ஸ் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. வட்டை எட்டாத பதிவுகள் லினக்ஸின் நினைவகத்தில் தங்கியிருந்து, பிறகு வட்டில் சேர்ந்துவிடும். மின்தடையிலோ அந்த நினைவகமே அழிந்துபோகிறது. இதனால்தான் போஸ்ட்கிரஸ், ‘கமிட்’ (பதிவை உறுதிசெய்தல்) முடிந்தது என்று சொல்வதற்கு முன், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் டபிள்யூ.ஏ.எல். பதிவேட்டை ‘எஃப்சிங்க்’ வகைக் கட்டளையால் வட்டில் இறக்கச் சொல்லிக் காத்திருக்கிறது. ஆனால் வட்டுக்குள்ளும் ஒரு தற்காலிக நினைவகம் உண்டு. எழுதி முடிக்காமலேயே முடித்துவிட்டதாகப் பதில் சொல்லும் வட்டுகளும் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிக்கப்பட்ட 15 எஸ்.எஸ்.டி.களில் (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆன வட்டுகள்) 13 ஏதேனும் ஒரு விதத்தில் தவறின.

ஆகவே, உண்மையான தரவு இல்லாத ஒரு சோதனைக் கணினியில், யு.பி.எஸ். இணைப்பைத் தவிர்த்து, மின்கம்பியையே பிடுங்கிப் பார்க்க வேண்டும். (பவர் பொத்தானைத் தட்டினால் கணினி ஒழுங்காக மூடிக்கொள்ளும்; அது சோதனையாகாது.) வரிசை எண்ணிட்ட பதிவுகளை வேறொரு கணினியிலிருந்து ஓயாமல் அனுப்பி, ‘கமிட்’ முடிந்ததாகப் பதில் வந்த எண்களை மட்டும் அந்த இரண்டாம் கணினியிலேயே குறித்துவைக்க வேண்டும், இறந்துபோகப் போகும் கணினியின் சாட்சியம் செல்லாது அல்லவா? மீண்டும் இயக்கியதும், குறித்த எண் ஒவ்வொன்றும் தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும். குறிக்காத கடைசி எண் ஒன்று கூடுதலாக இருந்தால் அது பிழையன்று. பதிவு வட்டில் ஏறி, பதில் மட்டும் வந்து சேராமல் போயிருக்கலாம். அட்டவணைகளும், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களும் சிதையாமல் உள்ளனவா என்பதையும் போஸ்ட்கிரஸின் ‘பிஜி_ஆம்செக்’ கருவியைக் கொண்டு பார்த்துவிடுங்கள். ஒரு முறை தப்பியது எதையும் நிரூபிக்காது. சுமை மிகுந்த வெவ்வேறு தருணங்களில் பலமுறை பிடுங்க வேண்டும்.

கம்பியைத் தொடும் முன்பே ஐயத்தைக் கிளப்பும் ஓர் அடையாளமும் உண்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 சுற்றுதான் சுழல முடியும்; அடுத்தடுத்த ‘கமிட்’ ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ‘கமிட்’ அதில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடிகிறது என்றால், எழுதப்படுவது வட்டின் சுழலும் தட்டைத் தொடாமல் இடையிலுள்ள ஏதோ ஒரு நினைவகத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த நினைவகத்துக்கு பேட்டரிக் காப்பு இல்லையெனில், வட்டின் எழுத்துக் கேஷை (வட்டுக்குள் இருக்கும் அந்தத் தற்காலிக நினைவகத்தை) அணைத்துவிடுங்கள்; அல்லது மின்தடைக் காப்புக்கென மின்தேக்கிகள் பொருத்திய எஸ்.எஸ்.டி.க்கு மாறிவிட்டு, இதே சோதனையை மீண்டும் நடத்துங்கள்.