ஐப்பசி மழையில் வடசென்னை: கேட்டவர்களுக்குச் சொன்னது

தீபாவளி லீவுக்குக் குடும்பத்தோடு தலைநகரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்டவை இவை. நான் தண்டையார்பேட்டைக்காரி. பிறந்ததும் இங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் நாலு தெரு தள்ளித்தான்.

கரூரிலிருந்து ஒருவர்: இரண்டு பிள்ளைகள், அம்மா, நாங்கள் இருவர். மூன்று நாள். ஆட்டோ பிடித்தே சுற்றிவிடலாமா அக்கா?

மழை இல்லாவிட்டால் சரி என்பேன். ஒரு ஐப்பசியில் என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. பெரம்பூர் பக்கம் போன ஆட்டோ சுரங்கப்பாதை வாசலிலேயே நின்றுவிட்டது. இறங்கினால் முழங்கால் தண்ணீர். சின்னவனின் ஒரு செருப்பு எங்கள் கண் முன்னாலேயே மிதந்து போனது, பிடிக்க ஓடினவர் நாத்தனார் வீட்டுக்காரர். செருப்பும் கிடைக்கவில்லை, அவர் வேட்டியும் போச்சு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கமெல்லாம் ஒரு நல்ல மழைக்கே தண்ணீர் நிற்கும். அதனால் மெட்ரோவை விட்டு விலகாதீர்கள். விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரை ஒரே பாதை. 2021இல் இந்தப் பக்கம் நீட்டினார்கள், எங்களுக்கு அன்றுதான் விடிவு. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடத்தில் நடக்க முடியாத இடத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, போதும்.

ஈரோட்டிலிருந்து: பிள்ளைகள் நனையாமல் பார்க்கிற இடம் எது?

செயின்ட் ஜார்ஜ் கோட்டைதான். அங்கேயுள்ள செயின்ட் மேரீஸ் சர்ச் 1680இல் திறக்கப்பட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று மரமே சேர்க்காமல் வளைவாகக் கட்டிய கூரை அது, உங்கள் மழை எம்மாத்திரம்! ராபர்ட் கிளைவுக்கு 1753இல் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அதன் முன்னால் கொஞ்சம் நிற்க வையுங்கள். உள்ளேயே தலைமைச் செயலகமும் இருப்பதால் வாசலில் பையைச் சோதிப்பார்கள், மூட்டை முடிச்சைக் குறையுங்கள்.

அவரே: வெள்ளிக்கிழமைதான் வருகிறோம், பரவாயில்லையா?

பரவாயில்லாமல் என்ன! ஆனால் கோட்டை மியூசியம், எழும்பூர் மியூசியம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கித் தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாளைப் பாருங்கள். சத்ரபதி சிவாஜி 1677இல் வந்து கும்பிட்ட கோயில் என்பார்கள். அடுத்தாற்போல் அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் சர்ச். 1772இல் கட்டியது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் நம்ம மெட்ராஸில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. மழை விட்ட நேரத்தில் கல்லறைக் கற்களின் மேல் அரளிப்பூ மாதிரி வெள்ளைப் பூக்கள் விழுந்து கிடக்கும். சண்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள்கூட அங்கே வாயை மூடிக்கொள்வார்கள்.

சேலம் தம்பி: மழைக்குச் சூடாக என்ன சாப்பிடலாம்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பீச் ரயில்வே ஸ்டேஷன் எதிரே சாயங்காலம் அத்தோ கடைகள் போடுவார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சளாக வேகவைத்த நூடுல்ஸ், நறுக்கின முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போடும் சத்தம் கேட்டதும் தட்டை நீட்டுங்கள். நேரம் போனால் அது நமுத்துவிடும். கூடவே வாழைத்தண்டு சூப் ஆவி பறக்க வரும், அதுதான் மழைக்கு மருந்து. பிள்ளைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லுங்கள், கலந்த பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை. தார்ப்பாய் ஒழுகும். நடுவில் தொங்குகிற இடத்துக்குக் கீழே மட்டும் நிற்காதீர்கள்.

நாகர்கோவில் அண்ணன்: ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான் பையன்.

பீச்சிலிருந்து அடுத்த ஸ்டேஷன்தான் அண்ணே. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இன்றைக்கு நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் நாட்டிலேயே பழையது. ஆனால் பார்க்கப் பத்து நிமிடம்தான், பெரிதாகச் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள்.

திண்டுக்கல் வாசகர்: ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் பார்க்கப் போகலாமா?

முந்தின நாள் செய்தியைப் பாருங்கள். புயல் கூண்டு ஏற்றியிருந்தால் படகு கடலுக்குப் போகாது. பெரிய விசைப்படகுகள் நாலைந்து நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவை. கூண்டை இறக்கின மறுநாளே வஞ்சிரம் வந்து குவியும் என்று நினைக்காதீர்கள். மழை விட்டும் மீன் வராத நாட்கள் எங்களுக்குப் பழக்கம், கருவாட்டுக் குழம்போடு போகும்.

விருதுநகரிலிருந்து: அத்தைக்குக் கோயில் ஒன்று போதும். எதற்குப் போகட்டும்?

திருவொற்றியூர். தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் கிட்டத்தில்தான், லிஃப்ட் இருக்கிறது. அங்கே ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசத்தோடுதான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகு சாத்துவார்கள். அத்தைக்கு அந்த நாள் அமைந்தால் பாக்கியம், கூட்டத்தில் நிற்கக் காலில் தெம்பு வேண்டும். மற்ற நாளென்றால் வடிவுடையம்மன் சன்னதியில் நிம்மதியாக உட்காரலாம். பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம் இருக்கிறது. காற்று பலமாக இருந்தால் குடை மடங்கித் திரும்பிக்கொள்ளும், பார்த்துப் போங்கள்.

கோவில்பட்டி தங்கை: பழவேற்காடு?

மழையில் வேண்டாம்மா.

அவளே: சரி, துணி என்ன எடுத்துவரட்டும்?

ஜீன்ஸை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வா. ஒருதரம் நனைந்தால் லாட்ஜ் ஃபேனுக்குக் கீழே மூன்று நாள் தொங்கும், ஊருக்குக் கிளம்பும்போது அரை ஈரத்தோடு பையில் திணித்துக்கொண்டு போவாய்.