பேண்ட் கட்டியாச்சு, போனோடு ஏன் சேரவில்லை?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், நடக்கும் அடி, தூக்கம் எல்லாம் கணக்கு வைக்கும் கைப் பேண்ட், வாட்ச் பற்றித்தான். பிள்ளைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆசையாக வாங்கி அனுப்பிவிடுகிறார்கள், கட்டிக்கொண்டவர்கள் ஊரில் தனியாக உட்கார்ந்து போனோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு பேண்ட் கொண்டுவந்தான். முதலில் மகள் போனில் இணைத்துப் பார்த்தோம், நன்றாக ஓடியது. இப்போது என் போனில் தேடினால் பேரே வரவில்லை. கடையில் கேட்டால், "பேண்டில் புளூடூத் 5.3, உங்கள் போனில் 5.0, சேராது, புது போன் வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கானாடுகாத்தான்)

பதில்: வேண்டவே வேண்டாம் ஐயா. புளூடூத்தில் புதுசும் பழசும் ஒன்றோடொன்று பேசும். 5.3 பேண்ட் 5.0 போனோடு சேரும்போது இரண்டுக்கும் தெரிந்த அளவில் பேசிக்கொள்ளும், 4.2 போனாக இருந்தாலும் அப்படித்தான். பேண்டுக்கு உண்மையில் தேவைப்படுவது 'லோ எனர்ஜி' என்கிற, கொஞ்சமாக சார்ஜ் எடுக்கும் புளூடூத். அது 2010இல் 4.0 பதிப்போடு வந்தது, 2011இல் ஐபோன் 4எஸ்ஸில் ஏறியது, ஆண்ட்ராய்டில் 2013இல் 4.3 பதிப்பில் வந்தது. ஆக, இன்று நீங்கள் பயன்படுத்தும் ஸ்மார்ட்போன் எதுவானாலும் அந்தத் தகுதி அதற்கு இருக்கும்.

பேர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் மகள் போன்தான். இந்த மாதிரி பேண்டுகள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் இருக்கும். யாரோடும் சேராமல் சும்மா இருக்கும்போது "நான் இங்கே இருக்கிறேன்" என்று விட்டுவிட்டு சிக்னல் கொடுக்கும், அதைப் பிடித்துத்தான் போன் அதன் பேரைத் திரையில் காட்டுகிறது. ஒரு போன் பிடித்துக்கொண்டால் அந்தக் கூப்பாடு நின்றுவிடும், அப்புறம் நீங்கள் எத்தனை தடவை தேடினாலும் அகப்படாது. மகள் போனோ, அவர் விட்டுப்போன பழைய போனோ வீட்டில் எங்காவது புளூடூத் ஆனில் கிடக்கிறதா பாருங்கள். பட்டாலையில் பேரன் கார்ட்டூன் பார்க்கிற போனாகக்கூட இருக்கலாம். அதில் புளூடூத்தை அணைத்ததும் உங்கள் போனில் பேர் வந்துவிட்டால் விஷயம் அதுதான்.

ஆனால் அணைத்ததோடு விடக்கூடாது. மகள் போனில் அந்த பேண்டின் ஆப்பைத் திறந்து, ஒரு தடவை சிங்க் செய்துவிட்டு (பேண்டில் சேர்ந்ததைப் போனுக்கு ஏற்றுவதுதான் சிங்க்), பேண்டை விடுவிக்கும் 'அன்பேர்' அல்லது 'அன்பைண்ட்' கொடுக்கச் சொல்லுங்கள். ஷாவ்மி பேண்ட் மாதிரி சிலது ஒருவர் கணக்கில் பதிந்துவிட்டால், அங்கே விடுவிக்கும் வரை இன்னொருவர் கணக்கில் ஏறாது. விடுவிக்கும்போது பேண்டுக்குள் இருக்கிற பழைய நடை, தூக்கக் கணக்கு அழிந்துவிடும், அதனால்தான் முதலில் சிங்க் செய்யச் சொல்கிறேன்.

அதற்கும் வரவில்லை என்றால் லொகேஷனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையுள்ள போன்களில் லொகேஷனை ஆன் செய்து, ஆப்புக்கு அதன் அனுமதியும் கொடுத்தால்தான் அக்கம்பக்கத்துப் புளூடூத் சாதனங்களைத் தேட முடியும். சுற்றியிருக்கும் சாதனங்களை வைத்தே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால் கூகுள் அப்படி வைத்தது. 12இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதியே வந்துவிட்டது. ஆப் முதல் தடவை கேட்கும்போது பயந்துகொண்டு 'வேண்டாம்' அமுக்கியிருப்பீர்கள், பலரும் அமுக்குகிறார்கள், போன் செட்டிங்ஸில் போய்த் திரும்பக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, போனின் புளூடூத் பட்டியலில் தேடி நேராக இணைக்க வேண்டாம். எப்போதும் அந்தக் கம்பெனி ஆப்புக்குள் போய்த்தான் இணைக்க வேண்டும். இனிமேல் வாங்குகிறவர்களும் பெட்டியில் போட்டிருக்கிற புளூடூத் நம்பரை விட்டுவிட்டு, "ஆண்ட்ராய்டு இத்தனை முதல், ஐஓஎஸ் இத்தனை முதல்" என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள். அந்த ஆப் உங்கள் போனில் ஏறுமா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பழைய போன் சேராமல் போவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: என் வாட்ச் புளூடூத் பட்டியலில் இரண்டு பேராக வருகிறது. இரண்டையும் இணைத்துவிட்டேன். இப்போது யார் போன் செய்தாலும் சத்தம் கையிலிருந்து வருகிறது. பஸ்ஸில் அம்மா பேசுவதை எல்லாரும் கேட்கிறார்கள், ரொம்பக் கூச்சமாக இருக்கிறது.
(கல்லூரி மாணவி, தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் போய்வருபவர்)

பதில்: உன் வாட்சுக்குள் இரண்டு வேலை நடக்கிறது, தங்கச்சி. அடி கணக்கு, தூக்கம், மெசேஜ் எல்லாம் முன்னால் சொன்ன லோ எனர்ஜி வழியாகப் போகிறது. போனில் பேசுகிற குரல் மட்டும் பழைய வகைப் புளூடூத் வழியாக வருகிறது, புளூடூத் இயர்போனில் வருவது மாதிரியே. அதனால்தான் ஒரே வாட்ச் இரண்டு பேரில் நிற்கிறது. போனின் புளூடூத் பட்டியலில் அந்த வாட்ச் பேருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொட்டால் 'அழைப்புகள்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், எந்தப் பேருக்கு அது வருகிறதோ அதில் அதை அணைத்துவிடு. அடி கணக்கும் மெசேஜும் வழக்கம்போல வரும், பேச்சு போனிலேயே இருக்கும். வாட்சில் சார்ஜும் கூடுதலாக நிற்கும்.

இதே காரணத்தால்தான் பட்டன் போனில் இந்த வாட்சுகள் அரைகுறையாக வேலை செய்கின்றன. சில பட்டன் போனில் வாட்ச் வழியாகப் பேச முடியும், ஆனால் ஆப் போட வழியில்லாததால் அடி கணக்கு போனுக்கு வராது. அப்பத்தாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போனை முகப்பில் சார்ஜில் போட்டுவிட்டு இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போனால் பேண்ட் துண்டித்துவிட்டது என்று அதிர்கிறது. ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி. பேண்ட் பழுதா?
(இல்லத்தரசி, பள்ளத்தூர்)

பதில்: பழுதெல்லாம் இல்லை ஆச்சி, நம் வீடுகள் அப்படி. பேண்டின் சிக்னல் வீட்டுக்குள்ளே சுமார் பத்து மீட்டர் வரைதான் நம்பிக்கையாகப் போகும், அதுவும் நடுவில் சுவர் இல்லாவிட்டால். உங்கள் வீட்டில் முகப்புக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு முழு வளவு, அதாவது நடு முற்றம், இருக்கிறது, சுண்ணாம்பு பூசிய கனத்த செங்கல் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதை இந்தச் சுவர்களும் நன்றாகக் குடித்துவிடும், மனித உடம்பில் இருக்கிற தண்ணீரும் குடித்துவிடும். நீங்கள் போனுக்கு முதுகைக் காட்டி, பேண்ட் கட்டிய கையை முன்னால் வைத்து அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தால் சிக்னல் உங்களையே தாண்டித்தான் வர வேண்டும்.

இதனால் உங்கள் நடை ஒன்றும் கணக்கில் குறையாது. அடிகளை எண்ணுவது பேண்டுக்குள் இருக்கிற அசைவுமானி, அதற்குப் போன் தேவையே இல்லை. எண்ணியதைத் தனக்குள் வைத்திருந்து, நீங்கள் போன் பக்கம் வந்ததும் கொடுத்துவிடும். வராமல் போவது போன் வந்த அதிர்வும் மெசேஜும் மட்டும்தான். அது முக்கியம் என்றால் சார்ஜரை வளவு நடுவுக்கு மாற்றுங்கள், அங்கிருந்து இரண்டு பக்கமும் எட்டும். துண்டிப்பு அதிர்வு தொந்தரவாக இருந்தால் ஆப்பில் அதை மட்டும் நிறுத்திவிடலாம். தயவுசெய்து ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டுப் புதிதாக இணைக்காதீர்கள், தானே சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: காலையில் ஆப்பைத் திறந்தால்தான் தூக்கக் கணக்கு ஏறுகிறது. வாட்ஸ்அப் மெசேஜும் மத்தியானத்துக்கு மேல் பேண்டில் வருவதில்லை.
(கோட்டையூர் வாசகர்)

பதில்: போன் சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் அந்த ஆப்பை மூடிவிடுகிறது. விவோ, ஒப்போ, ரியல்மி, ஷாவ்மி போன்களில் இது சகஜம். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் போய் பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வையுங்கள், 'ஆட்டோ ஸ்டார்ட்' இருந்தால் அனுமதியுங்கள். நோட்டிபிகேஷன் பார்க்கும் அனுமதியும் இருக்கிறதா பாருங்கள், போன் அப்டேட் ஆனபின் சில நேரம் அது தானாக எடுபட்டுவிடும்.

கேள்வி: ஜிம்மில் நெஞ்சில் கட்டும் பட்டை எந்த ஆப்பிலும் சட்டென்று இதயத் துடிப்பைக் காட்டுகிறது. கையில் கட்டும் பேண்டுக்கு மட்டும் ஏன் அந்தந்தக் கம்பெனி ஆப்பே வேண்டும்?
(உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர், காரைக்குடி)

பதில்: அருமையான கேள்வி அண்ணே. இதயத் துடிப்பை எப்படி அனுப்ப வேண்டும் என்று புளூடூத் அமைப்பே பொதுவான ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறது. நெஞ்சுப் பட்டை அதை அப்படியே பின்பற்றுகிறது, அதனால் டிரெட்மில்லோ போனோ எதுவானாலும் புரிந்துகொள்ளும். போலார் எச்10 பட்டை ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் சாதனங்களுக்கு அனுப்பும், மெஷினுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடி கணக்கையும் தூக்கத்தையும் பேண்ட் கம்பெனிகள் ஆளுக்கொரு விதமாகத் தங்கள் ஆப்புக்கு மட்டும் புரிகிற மாதிரி அனுப்புகின்றன. நம் உடம்பின் கணக்கை நாம் விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோக விடாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. இப்போதைக்கு இரண்டு வழி உண்டு. சில பேண்டுகளில் 'ஹார்ட் ரேட் பிராட்காஸ்ட்' என்று இருக்கும், அதை ஆன் செய்தால் நெஞ்சுப் பட்டை மாதிரி நடந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் 'ஹெல்த் கனெக்ட்' வழியாக ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கைப் பகிரலாம், 14ஆம் பதிப்பிலிருந்து அது போனிலேயே இருக்கிறது.

கேள்வி: மருமகனுக்கு சாம்சங் வாட்ச் வாங்கலாம் என்றிருக்கிறோம், அவர் வைத்திருப்பது ஐபோன்.
(தேவகோட்டை)

பதில்: வேண்டாம். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் அவை ஐபோனோடு சேர்வதில்லை. அதே மாதிரி ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டு போனோடு சேராது. சாதா பேண்டுகள் பெரும்பாலும் இரண்டுக்கும் சேரும்.

கேள்வி: ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் என்று வாங்கிவிட்டேன். போன் ஆப்பிலும் அளவு வருகிறது. நம்பலாமா?
(சர்க்கரை நோயாளி, வயது 68, கண்டனூர்)

பதில்: நம்பாதீர்கள் ஆச்சி, அந்த எண்ணை வைத்து மாத்திரையோ இன்சுலினோ ஒரு சொட்டுக்கூடக் கூட்டிக் குறைக்காதீர்கள். தோலைக் குத்தாமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. டாக்டர்கள் கையில் ஒட்டச் சொல்கிற சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும், அளந்ததைப் புளூடூத்தில் போனுக்கு அனுப்பும், வாட்ச் அதைக் காட்டும், அவ்வளவுதான். உங்கள் வாட்சில் அடி கணக்கை மட்டும் பாருங்கள், சர்க்கரைக்கு விரலில் குத்திப் பார்க்கும் மெஷினையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கப்போகிறேன். இந்த முறை காவடி எடுக்கிறேன். முழு நடையும் பேண்டில் பதிய வேண்டும், வழியில் போன் சார்ஜ் பற்றாது. புளூடூத்தை அணைத்து வைக்கலாமா?
(குன்றக்குடி)

பதில்: அணைத்து வைத்தாலும் அடிகள் பதியும் தம்பி. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழி முழுக்கப் போனை ஃபிளைட் மோடில் போட்டு மடியில் வைத்திருந்தாலும் பேண்ட் தன் வேலையைச் செய்யும். ஆனால் எத்தனை நாள் கணக்கை உள்ளே வைத்திருக்கும் என்பது பேண்டுக்குப் பேண்ட் மாறும். ஃபிட்பிட் மாதிரியானவை நிமிடவாரிக் கணக்கை ஏழு நாள் வைத்திருக்கும், மொத்தக் கணக்கை இன்னும் அதிக நாள். அதனால் ராத்தங்கலில் தினமும் ஒரு தடவை புளூடூத்தைப் போட்டு சிங்க் செய்துவிடு, ஐந்து நிமிட வேலை. உண்மையில் சார்ஜைத் தின்பது புளூடூத் இல்லை, டவர் தேடுவதும் திரையும் ஜிபிஎஸ்ஸும்தான். பாதை வரைபடம் வேண்டும் என்றால் ஜிபிஎஸ் இல்லாத பேண்ட் போனின் ஜிபிஎஸ்ஸைத்தான் கடன் வாங்கும், அப்போது போன் கூடவே இருக்க வேண்டும், சார்ஜும் நிற்காது. கடைசி நாள் நடைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்.

காவடி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தோளில் காவடி இருக்கும்போது ஒரு கை அதைப் பிடித்தபடியே அசையாமல் இருக்கும். பேண்ட் அந்தக் கையில் இருந்தால் நீ எவ்வளவு நடந்தாலும் பாதிதான் எண்ணும், ஏனென்றால் அது கை வீச்சை வைத்துத்தான் அடியைக் கண்டுபிடிக்கிறது. காவடியைத் தோள் மாற்றும்போது பேண்டையும் சும்மா இருக்கிற கைக்கு மாற்றிக்கொள், அல்லது கழற்றி இடுப்புத் துண்டில் இறுக்கிச் செருகிவிடு. இடுப்பில் செருகினால் இதயத் துடிப்பு வராது, அடி கணக்கு சரியாக வரும்.

புறப்படுவதற்கு முன்னாலேயே வீட்டில் வைத்து ஆப் அப்டேட்டையும் பேண்ட் அப்டேட்டையும் முடித்துவிடு. வழியில் ஆயிரக்கணக்கான பேர் கையில் இதே மாதிரி பேண்ட் இருக்கும். அங்கே அழித்துவிட்டுப் புதிதாகத் தேடினால் ஒரே பேரில் ஒரு பட்டியலே வரும், உன்னுடையது எது என்று தெரியாது. பேண்டின் செட்டிங்ஸில் அதன் மேக் முகவரி, அதாவது அதற்கென்று உள்ள தனி அடையாள எண், இருக்கும், அதன் கடைசி நாலு எழுத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்.