பழைய சாக்ஸபோன் வாங்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் சாக்ஸபோன் கற்க ஆசைப்படுகிறான். புதுச்சேரியில் பேண்டு வாசித்த பெரியவர் தன் பழைய ஆல்டோ வகை சாக்ஸபோனைத் தருகிறேன் என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஆல்டோ நல்ல தேர்வு, சகோதரி. கத்ரி கோபால்நாத் கர்நாடக இசை வாசித்ததும் ஆல்டோவில்தான். மேல்பூச்சின் பளபளப்பைப் பார்த்து மட்டும் விலை பேசாதீர்கள்.

வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். ஆகக் கீழ் ஸ்வரமான பி ஃபிளாட்டை மென்மையாக ஊதச் சொல்லுங்கள். முக்கி ஊதினால்தான் வருகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது. இருட்டறையில் குழலுக்குள் சின்ன எல்இடி விளக்கை இறக்கி, கீகளை (துளைகளை மூடும் விசைகளை) ஒவ்வொன்றாக லேசாக மூடுங்கள். கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தையான பேடின் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்தப் பேடு சரியாக உட்காரவில்லை. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. மொத்தமும் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நம் கடலோர உப்புக் காற்றில் ஊசி போன்ற எஃகு ஸ்பிரிங்குகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்; அவற்றை உற்றுப் பாருங்கள். கழுத்துக் குழாய் அதன் இயல்பான வளைவைத் தாண்டிக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் வேண்டாம், சுருதி படுத்தும். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதில் பொருத்தும் நாணல் பட்டையான ரீடு 2-ஆம் எண் (மென்மையானது) போதும், பையனின் உதடு பழகட்டும்.