தோட்டத்து ஆட்களுக்கு நோன்புச் சாப்பாடு: நீங்கள் கேட்டவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு ரமலான் நோன்பில் சாப்பாடு கொடுக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஒரு கொங்சியில் (தொழிலாளர் தங்கும் கொட்டகை) அறுபது பேர் இருக்கிறார்கள். நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒரு நாள் பிரியாணி கொடுக்கலாம் என்று பார்க்கிறோம். சரிதானே?

சரிதான், ஆனால் கடைசிப் பத்துக்கும் சனி, ஞாயிறுக்கும் எல்லோரும் முண்டியடிப்பார்கள், முதல் வாரத்துச் செவ்வாய், புதனைக் கேட்க நாதி இருக்காது. முதலில் மண்டோரிடம் (மேஸ்திரி) பேசி எந்த நாள் காலி என்று கேளுங்கள். இன்னொன்று, யாருமே கேட்காத சஹர், அதாவது விடியலுக்கு முந்திய நோன்புச் சாப்பாடு. பல தோட்டங்களில் ஆறு, ஆறரைக்கெல்லாம் பெரட்டுக்கு (காலைப் பெயர்க் கணக்கெடுப்பு) போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் எழுந்து சமைக்கத் தெம்பில்லாமல் ரொட்டியும் தேநீருமாகச் சமாளித்துவிட்டு, பகல் முழுக்க வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் நிறைய. அந்தப் பிரியாணிக் காசில் புழுங்கலரிசி, மைசூர்ப் பருப்பு, வெங்காயம், முட்டை, கடுகெண்ணெய், பேரீச்சம்பழம் என்று வாங்கிக் கொடுத்தால் ஒரு வேளையோடு முடியாது, அவர்களே முறை வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். வங்காளதேசிகள் நோன்பு திறக்க விரும்புவது பொரியும் கறுப்புக் கொண்டைக்கடலையும் பியாஜுவும்தான் (நம் பருப்பு வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி). ஒரு மூட்டைப் பொரிக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?

கேட்டரிங்காரர் மத்தியானம் இரண்டு மணிக்கே சமைத்து முடித்துவிடுவேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சமைத்த சாப்பாடு வெளிச்சூட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பக்கம் நோன்பு திறக்கும் மக்ரிப் நேரம் ஏழரையை ஒட்டி வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் தேங்காய்ப்பால் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிவிட்டால் கெடுவதற்குக் கேட்கவே வேண்டாம். ஐந்து மணிக்கு அடுப்பை விட்டு இறங்கி, ஆறே முக்காலுக்குள் கொங்சியில் இருந்தால் போதும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மழை பெய்தால் வேன் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இந்து. வீட்டில் சமைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார்களா?

நீங்கள் கொடுப்பதில் யாருக்கும் தடையில்லை, சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். சங்கடம் வந்தால் இறைச்சியிலும் பாத்திரத்திலும்தான் வரும், ஹலால் கடையில் ஆர்டர் கொடுத்தால் அதுவும் போச்சு. இல்லையென்றால் சூராவில் (சின்னத் தொழுகைக்கூடம்) காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கு ஒரு நாள் சட்டிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், அதே கொங்சியில் நேப்பாளிகள் இருந்தால், அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், நோன்பு இல்லை. அவர்களையும் தலைக்கணக்கில் சேருங்கள். சதக்கா, அதாவது விருப்பத் தர்மம், யாருக்கும் கொடுக்கலாம். பாதிப் பேர் பொட்டலத்தைப் பிரிக்க மீதிப் பேர் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது நன்றாகவா இருக்கும்?

ஜக்காத் (கட்டாயத் தர்மம்) பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

நீங்களாக வசூலித்துப் பிரித்துக் கொடுக்க முடியாது. இங்கே ஜக்காத் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பு, அவர்கள் நியமித்த அமில் (வசூலிப்பவர்) மட்டும்தான் வாங்கலாம். நோன்பு விட்டதற்கு ஈடாகக் கட்டும் ஃபித்யாவும் அப்படித்தான், விட்ட நோன்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று மாநிலம் கட்டணம் வைத்திருக்கிறது, அங்கேயே கட்டிவிடுங்கள். சாப்பாட்டுக்குச் சதக்கா பணமே போதும்.

கடை கடையாகப் போய்ப் பணம் திரட்டலாமா? வரிவிலக்கு கிடைக்குமா?

வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து போட்டுக்கொள்வது வேறு. வரிவிலக்கு, வருமான வரிச் சட்டம் 44(6)-இன் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீதுக்கு மட்டும்தான், அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். கேட்டரிங்காரர் பில்லைக் காட்டினால் நடக்காது.

நான் தோட்டத்துக்கு ஆள் வைத்து வேலை செய்து கொடுக்கும் குத்தகைக்காரர். நோன்பு மாதம் முழுக்க இரவுச் சாப்பாடு கொடுக்கிறேன், செலவில் கொஞ்சத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

பிடித்தால் அதற்குப் பெயர் தர்மம் இல்லை ஐயா, மெஸ். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்காத பிடித்தம் எதையும் சம்பளத்தில் செய்யக் கூடாது. குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), 2025 பிப்ரவரியிலிருந்து. வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் அதேதான். நிஜமாகவே உதவ நினைத்தால் குலை வெட்டும் வேலையை உச்சி வெயிலுக்கு முன்னால் முடிக்க விடுங்கள், கூலியைக் குறைக்காமல். சாப்பாட்டை விட அதைத்தான் அவர்கள் கேட்பார்கள், கேட்கத் தயங்குவார்கள்.

ஸ்பான்சர் பேனரோடு படம் எடுக்கலாமா?

சட்டிக்கு மேலே பேனரைக் கட்டி, சட்டியைத் தாராளமாக எடுங்கள். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். சிலருக்கு ஏஜெண்டோடு வேலை பெர்மிட் தகராறு ஓடிக்கொண்டிருக்கும், முகம் வெளியே வந்தால் வம்பு. ஊரில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருப்பவரும் அந்த வரிசையில் நிற்பார். பணம் கொடுத்தவருக்குக் கணக்குதான் வேண்டும் என்றால் பில்லும் தலைக்கணக்கும் அனுப்புங்கள்.