ஷோகேஸுக்குள் என்ன வைக்கலாம்? – வாங்குவோர் கேள்வி-பதில்

*பாளையங்கோட்டையில் புது வீடு கட்டியிருக்கிறோம். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி அமைத்து ஓவியம், சங்கு, பழம்பொருள், புதுமாதிரி விளக்கு எல்லாம் கலந்து வைக்கலாம் என்கிறார் உள் அலங்காரம் செய்பவர். ஐரோப்பாவில் ராஜாக்கள் வைத்திருந்த ‘அதிசய அறை’யின் இன்றைய வடிவமாம். கடல் விசிறி, வெள்ளைப் பவளக் கிளை, மான் கொம்பு, சட்டமிட்ட பட்டாம்பூச்சிகள், பழைய வெண்கலச் சிலை, ஓலைச்சுவடி என்று பட்டியல் தந்திருக்கிறார். இரண்டே கால் லட்ச ரூபாய். ‘அலங்காரப் பொருட்கள்’ என்று ஒரே வரியில் பில் தருவாராம். வாங்கலாமா?*

அலமாரியைக் கட்டாயம் செய்யுங்கள். நல்ல யோசனை அது. பட்டியலை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதிசய அறைகள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரவியவை என்பது உண்மைதான். ராஜாக்கள் மட்டும் வைத்திருக்கவில்லை, மருத்துவர்களும் வணிகர்களும் வைத்திருந்தார்கள். கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற மருத்துவர் வைத்திருந்த அறையின் பட்டியல், அவர் இறந்த பிறகு 1655-இல் அச்சானது. அந்தக் காலத்தில் ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லிப் பெரும் விலைக்கு ஒரு பொருளை விற்றுவந்தார்கள். அது நார்வால் என்ற கடல் விலங்கின் பல்தான் என்று 1638-இல் எடுத்துக்காட்டியவர் இதே வோர்ம். தன் அலமாரிக்குள் வரும் பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் அவர். நீங்களும் அதையே கேளுங்கள்.

நமக்கும் இது புதிதல்ல. கொலுப்படியில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் திருச்செந்தூரில் வாங்கிய சோழியும் பத்தமடைப் பாய்த் துண்டும் இருந்த வீடுகள் நம்முடையவை.

இனி உங்கள் பட்டியல். கடல் விசிறியும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருப்பவை. உயிருள்ளதா, காய்ந்ததா, வெளுத்ததா என்ற வேறுபாடு கிடையாது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே இவற்றுக்கும். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். காய்ந்த கடல் குதிரையும் இதே கணக்குத்தான். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. அவற்றைக் காக்கவே 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. நம் கரைக்கு அருகில் வளர்ந்த ஒன்றை உடைத்து வந்து நம் கூடத்தில் விளக்குப் போட்டு வைப்பதா? சட்டம் ஒருபுறம் இருக்க, எனக்கு மனம் ஒப்பவில்லை.

மான் கொம்பு, காட்டில் தானாக உதிர்ந்ததாக இருந்தாலும் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. பட்டாம்பூச்சிகளில் நம் நாட்டு இனங்கள் பல அட்டவணையில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தவை என்றால் இறக்குமதித் தாளைக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். மயில் தோகை மட்டும் விலக்கு: உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சிலை நூறு ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் அது தொல்பொருள். விற்பவருக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும், சிலையையும் பதிவு செய்திருக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்கள் 2001-இல் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். 2019-இல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் உங்கள் ஒற்றைவரி பில் எந்த மூலைக்கு?

சுவடி எழுபத்தைந்து ஆண்டு தாண்டி, இலக்கியமோ வரலாறோ மருத்துவமோ அதில் இருந்தால் அதுவும் தொல்பொருள்தான். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி வந்த சீமை இது. அலங்காரத்துக்காக ஒரு கட்டைப் பிரித்து ஓலை ஓலையாக விற்கிறார்கள் என்று கேட்கும்போது வயிறு எரிகிறது.

பில் பொருள்வாரியாக இருக்க வேண்டும்: என்ன பொருள், எந்த மூலப்பொருள், யார் செய்தது, எவ்வளவு. ‘அலங்காரப் பொருட்கள்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு பொருள் போலி என்று தெரிந்தால், எதற்கு எவ்வளவு திருப்பிக் கேட்பீர்கள்? சட்டம் தடுத்த பொருளென்றால் நுகர்வோர் ஆணையத்தின் படியேறவே முடியாது. முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

*அப்படியானால் அந்த அலமாரியில் வைக்க நம் பக்கத்தில் என்னதான் இருக்கிறது? (அதே வாசகி, தொலைபேசியில்)*

நிறைய இருக்கிறது. காருகுறிச்சி மண்பாண்டம், அம்பாசமுத்திரம் மரச்செப்பு, மணப்பாடு பனையோலைப் பெட்டி. பத்தமடைப் பாயைச் சட்டமிட்டு மாட்டினால் எந்த நவீன ஓவியத்துக்கும் குறையாது. அதற்குப் புவிசார் குறியீடு இருப்பதால், அந்தப் பெயரில் வேறு ஊர்ப் பாயை விற்பதே குற்றம்.

பாயை எப்படிப் பார்ப்பது? ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். கோரை, தாமிரபரணிக் கரையில் விளைந்து, நீரில் ஊறி, கையால் கீறப்பட்டது. ஒரு கீற்றுப்போல் இன்னொன்று இருக்காது. பிளாஸ்டிக் பாயில் எல்லாம் ஒரே அகலம். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுனியைக் கிள்ளி நெருப்பில் காட்டினால் கோரை சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும். பாவு நூல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு விலை. நெருக்கமான பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த விலையில் பேரம் பேசாதீர்கள்.

விதைகளையும் மறக்க வேண்டாம். மஞ்சாடி, கழற்சிக்காய், பனங்கொட்டை மூன்றையும் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்துப் பாருங்கள், எந்தச் சங்கையும் மிஞ்சும். குன்றிமணி மட்டும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடாது. அதன் பருப்பில் இருப்பது கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் ஓடு காப்பாற்றக்கூடும், கடித்தாலோ துளையிட்டிருந்தாலோ ஆபத்து. குன்றிமணி கோத்த மாலைகளையும் பொம்மைகளையும் திருவிழாக் கடைகளில் பார்க்கிறேன். வாங்காதீர்கள்.

*கடற்கரைக் கோயில் ஒன்றின் திருவிழாவில் 12,000 ரூபாய்க்கு வலம்புரிச் சங்கு வாங்கினேன். ஒன்றரை லட்சம் பெறும் என்றார் விற்றவர். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், வள்ளியூர்*

ஒன்றரை லட்சம் பெறுவதை 12,000-க்கு விற்கிறார் என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதியை நீங்களே பார்த்துவிடலாம். கூர்வாலை, அதாவது சுருளுக்கு எதிர்ப்பக்கம் ஒடுங்கி நீளும் முனையை, மேலே பிடித்து, வாய் உங்களைப் பார்க்கும்படி திருப்புங்கள். நம் கடலின் சாதாரணச் சங்கு இடப்பக்கம் திறந்திருக்கும், வலம்புரி வலப்பக்கம் திறந்திருக்கும். இவ்வளவையும் விற்றவரே காட்டியிருப்பார், ஏனென்றால் போலியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ‘லைட்னிங் வெல்க்’ என்று ஒரு கடல் நத்தை உண்டு. அந்த இனமே இயல்பில் அப்படித்தான் சுற்றியிருக்கும். அங்கே அது அபூர்வமில்லை. இங்கே வந்ததும் வலம்புரியாகிவிடுகிறது.

இப்போது வாய்க்குள் வெளிச்சம் அடித்து, நடுத்தண்டைப் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு வரம்புகள், வயல் வரப்புபோல, குறுக்கே ஓடும். வெல்க்கில் தண்டு வழவழவென்று இருக்கும். என் மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிட முடிகிறது. கையில் எடுத்தாலும் தெரியும்: நம் சங்கு தடித்தது, கனம் அதிகம், வெல்க் அதே அளவில் லேசாக இருக்கும்.

ஐயம் தீராவிட்டால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சங்கு, சிப்பியினம் படித்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். போலி என்று உறுதியானால் புகார் கொடுங்கள். பில் இல்லையென்று சோர்ந்துவிட வேண்டாம். யூபிஐயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, விற்றவர் பேசிய குறுஞ்செய்தி, அவர் தந்த அட்டை எல்லாமே சான்றுதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வாங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

*தாத்தா காலத்து மான் கொம்பு அம்பாசமுத்திரத்து வீட்டில் இருக்கிறது. விற்றால் என்ன விலை போகும்?*

விலை பேசாதீர்கள், பேசுவதே வம்பு. தாத்தா பெயரில் வனத்துறை தந்த உரிமைச் சான்று இருந்தால் வாரிசாக நீங்கள் வைத்திருக்கலாம். உங்கள் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சான்று இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள்.

*‘ஆதிச்சநல்லூர் தாழி ஓடு, மூவாயிரம் ஆண்டுப் பழமை, சான்றிதழுடன்’ என்று இணையத்தில் 4,500 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார். எங்கள் ஊர்ப் பெருமை என்று வாங்க ஆசை. – வாசகர், ஸ்ரீவைகுண்டம்*

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஓடு பொய்யென்றால் உங்களை ஏமாற்றுகிறார், மெய்யென்றால் அது திருட்டுப் பொருள். வாங்கத்தக்க மூன்றாவது வழி ஒன்று இல்லை.

1876-இல் ஜெர்மானியர் ஃபெடோர் ஜாகோர் அங்கே தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004-இல் மீண்டும் தொல்லியல் துறை இறங்கியது. அப்போது எடுத்த மாதிரிகளில் இரண்டு கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் காட்டின. அந்த எண்களுக்கு மதிப்பு எதனால் வந்தது? எந்தக் குழி, எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்று எழுதிவைத்ததால். உங்களுக்கு வரும் ஓட்டில் அந்தக் குறிப்பு எதுவும் இருக்காது. தனியாளொருவர் கணினியில் அடித்த ‘சான்றிதழ்’ வெறும் தாள்தான்.

வயலில் உழும்போது கிடைத்தால் இடத்தைப் படமெடுத்து, பொருளை அசைக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அலமாரிக்கு வேண்டுமென்றால் காருகுறிச்சியில் ஒரு குயவரிடம் சிறிய தாழி ஒன்று வனையச் சொல்லி, அடியில் அவர் பெயரும் ஆண்டும் கீறித் தரச் சொல்லுங்கள். நான் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

*கோவில்பட்டியில் ஒரு பழம்பொருள் வியாபாரி ‘ஒரிஜினல் கொண்டையராஜு’ என்று ஒரு முருகன் படத்துக்கு 15,000 கேட்கிறார்.*

‘ஒரிஜினல்’ என்றால் எது என்று முதலில் கேளுங்கள். கொண்டையராஜு (1898–1976) கையால் தீட்டிய ஓவியம் ஒன்று, அதை வைத்து அன்று அடித்த காலண்டர் படம் வேறொன்று. காலண்டர் படங்கள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. அதற்கு இந்த விலை கொடுக்க மாட்டேன். மூன்றாவதாக, அந்தக் காலண்டரை இப்போது நகலெடுத்து அடித்ததும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். பழைய அச்சில் வண்ணப் புள்ளிகள் தெளிவாக இருக்கும். நகலில் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலையலையாகத் தெரியும், அல்லது மை தூவினாற்போல் இருக்கும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள். அடியில் ஜவுளிக்கடைப் பெயரும் ஆண்டும் வெட்டப்படாமல் இருந்தால் அதுதான் நல்ல பிரதி. கடைப்பெயர் அழகைக் கெடுக்கிறது என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டியதும் படத்தின் பிறப்புச் சான்றே போய்விடுகிறது.

*புதிதாகச் செய்த அலமாரியில் வைத்த சங்குகள் ஆறே மாதத்தில் வெள்ளை மாவு பூத்துவிட்டன. சங்கு வியாபாரியைக் கேட்டால் பராமரிப்புச் சரியில்லை என்கிறார். யார் மேல் குற்றம்? – வாசகி, நாங்குநேரி*

சங்கின் மேல் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை. இதை 1899-இல் பைன் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்து, கிருமி என்று நினைத்தார். கிருமி அல்ல, அமில ஆவி. பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, சில மரங்கள் இவற்றிலிருந்து கசியும் ஆவி, மூடிய அலமாரிக்குள் தேங்கிச் சங்கின் சுண்ணாம்பை அரிக்கிறது. ஈரப்பதம் இருந்தால் இன்னும் வேகம். என் அத்தை தந்த சோழிகள் இப்படித்தான் பளபளப்பு இழந்தன. காரணம் தெரிவதற்குள் பாதி போய்விட்டன.

கண்ணாடி ஒட்டிய பசையையும் முகர்ந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை அடித்தால் அதுவும் அமிலம் விடுகிறது. தச்சரிடம் நியூட்ரல் வகைச் சிலிக்கான் என்று கேட்டு மாற்றச் சொல்லுங்கள். சங்குகளை வெறுந்தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள், வினிகரோ எலுமிச்சையோ கூடாது. தட்டுகளைக் கண்ணாடி அல்லது அலுமினியமாக மாற்றி, பின்பலகையில் மேலும் கீழும் காற்றுப்போக்குக்குத் துளை விடுங்கள். கதவைத் திறந்ததும் பலகை வாடை முகத்தில் அடிக்காத நாள் வரும்வரை சங்குகள் துணிப்பையிலேயே இருக்கட்டும்.